எரிகிற வீட்டில் பிடுங்குவோர்

2025 அக்டோபர் 26 அன்று சூடானின் மேற்கே, டார்ஃபர் பகுதியில் உள்ள எல் ஃபஷேர் நகரம் வீழ்ந்தது. ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பிறகு உள்ளே புகுந்த, அரசு ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துரித ஆதரவுப் படையினர் வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். கொன்றதைத் தாங்களே செல்பேசியில் படம்பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். நகரில் ஓரளவு இயங்கிக்கொண்டிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

உலகம் சில நாள் பதறியது. பிறகு வேறு செய்திகளுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்காவில் இதெல்லாம் வழக்கம்தானே என்ற அலட்சியம் நம்மிடமும் உண்டு. ஆனால் சூடான் போரை இரண்டு தளபதிகளின் பகை என்றோ, இனக்குழுக்களின் பழைய வன்மம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. பகை அவர்களுடையதுதான். அதை நடத்தும் செலவும் சரக்கும் வெளியிலிருந்து வருகின்றன. அபுதாபி, கெய்ரோ, டெஹ்ரான், அங்காரா, மாஸ்கோ என்று பல தலைநகரங்களின் கணக்கு இதில் கலந்திருக்கிறது. போரை நிறுத்தும் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

சுமார் 5 கோடி மக்கள் வாழும் நாடு சூடான். 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்த்தூமில் சண்டை தொடங்கிய பிறகு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவர்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எகிப்து, சாட், தெற்கு சூடான் என எல்லை தாண்டிப் போனவர்கள். உலகில் இன்று இதைவிடப் பெரிய இடப்பெயர்வு எங்கும் இல்லை.

செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கே கிடையாது. கணக்கெடுக்க வேண்டிய மருத்துவமனைகளும் அலுவலகங்களும் இடிந்துகிடக்கின்றன. லண்டனிலுள்ள ஒரு பொதுச் சுகாதாரக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், போரின் முதல் 14 மாதங்களில் கார்த்தூம் மாநிலத்தில் மட்டும் 61,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். குண்டடிபட்டு இறந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும், கிடைக்காத மருந்துக்கும் பலியானவர்கள்.

எல் ஃபஷேர் முற்றுகையில் நடந்ததும் அதுதான். நகரைச் சுற்றி மண்கரை எழுப்பி உள்ளே எதுவும் போகாதபடி அடைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கரை நீண்டுகொண்டே போனதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிக்கிய சுமார் இரண்டரை லட்சம் பேருக்குக் கடைசியில் மிஞ்சியது புண்ணாக்கு. வேர்க்கடலை ஆட்டிய பிறகு மாட்டுக்குப் போடும் சக்கை அது, அம்பாஸ் என்பார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது. இத்தனையும் உலகின் கண்முன் நடந்தது. தகவல் தெரியவில்லை என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

மலிவு விலைப் படை

இந்தப் போரின் விதையைக் கார்த்தூம் அரசே ஊன்றியது. 1956-இல் விடுதலை பெற்றது முதல், நைல் நதிக்கரையில் வாழும் மேட்டுக்குடியினரே ஆட்சியையும் ராணுவத்தையும் கையில் வைத்திருந்தார்கள். தெற்கும் மேற்கும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அங்கே கிளர்ச்சி எழும்போதெல்லாம் ராணுவத்தை அனுப்புவதைவிட உள்ளூர் ஆயுதக் குழுவை ஏவிவிடுவது ஆட்சியாளர்களுக்குச் சிக்கனமாகத் தெரிந்தது. சம்பளம் தர வேண்டாம், கொள்ளையடித்துக்கொள்ள அனுமதித்தால் போதும்.

2003-இல் டார்ஃபரில் கிளர்ச்சி வெடித்தபோது அதிபர் ஓமர் அல் பஷீரின் அரசு ஜன்ஜவீத் என்ற குதிரைப்படைக் கும்பல்களை ஏவியது. அந்தப் போரில் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. இனப்படுகொலைக் குற்றச்சாட்டில் பஷீருக்கு எதிராகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. ஜன்ஜவீத் தலைவர்களில் ஒருவரான அலி குஷைபுக்கு அந்த நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2025 டிசம்பரில். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே இருபது ஆண்டுக்கு மேல்.

அந்த இடைவெளியில்தான் முகமது ஹம்தான் டகாலோ வளர்ந்தார். ஹெமெட்டி என்றே அவரை எல்லோரும் அழைப்பார்கள். ஒட்டக வணிகராக இருந்தவர், ஜன்ஜவீத் தளபதியானார். 2013-இல் அந்தக் கும்பல்கள் துரித ஆதரவுப் படை என்ற பெயரில் ஒழுங்குபடுத்தப்பட்டன. 2017-இல் அதற்குச் சட்ட அங்கீகாரமே கிடைத்தது. ராணுவத்தை நம்பாத பஷீர், தன் நாற்காலியைக் காக்க இன்னொரு ராணுவத்தை வளர்த்தார்.

ஏமன் போருக்கு 2015 முதல் சவூதியும் அமீரகமும் கூலிக்கு ஆள் கேட்டபோது, சூடானிலிருந்து போனவர்களில் ஹெமெட்டியின் ஆட்களும் இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட சூடான் ராணுவத்தினரை மேற்பார்வையிட்டவர், இன்று ராணுவத்தின் தலைவராக இருக்கும் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான். இன்று எதிரெதிரே நிற்கும் இருவரும் வளைகுடாவின் பணத்தையும் பழக்கத்தையும் ஒரே களத்தில் சம்பாதித்தவர்கள்.

2018 டிசம்பரில் ரயில்வே நகரமான அட்பராவில் ரொட்டி விலை ஏற்றத்தை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கு மாதத்தில் பஷீரின் முப்பதாண்டு ஆட்சி முடிந்தது. அண்மைக் காலத்தில் எங்கும் பார்த்திராத அளவுக்குக் கட்டுக்கோப்பான, பெண்கள் முன்னின்ற எழுச்சி அது. ஆனால் 2019 ஜூன் 3 அன்று கார்த்தூமில் ராணுவத் தலைமையகத்துக்கு முன் உட்கார்ந்திருந்த போராட்டக்காரர்களைப் படையினர் சுட்டுத்தள்ளினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு ராணுவமும் குடிமக்களும் சேர்ந்த இடைக்கால அரசு ஒன்று அமைந்தது. அதையும் 2021 அக்டோபர் 25 அன்று புர்ஹானும் ஹெமெட்டியும் கைகோத்துக் கவிழ்த்தார்கள்.

அடுத்த கேள்வி, யார் பெரியவர் என்பது. துரித ஆதரவுப் படையை ராணுவத்தோடு இரண்டாண்டில் இணைக்க வேண்டும் என்றார் புர்ஹான். பத்தாண்டு வேண்டும் என்றார் ஹெமெட்டி. இந்த எட்டாண்டு வித்தியாசத்தில் ஒரு நாடு எரிந்துகொண்டிருக்கிறது.

2023 டிசம்பரில் போர் அல் ஜசீரா மாநிலத்துக்குள் புகுந்தது. 1925-இல் ஆங்கிலேயர் சென்னார் அணை கட்டி உருவாக்கிய மாபெரும் பாசனத் திட்டம் இருப்பது அங்கேதான். நாட்டின் நெற்களஞ்சியம் என்றால் நமக்குப் புரியும். கார்த்தூமிலிருந்து தப்பி அங்கே தஞ்சம் புகுந்த லட்சக்கணக்கானோர் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். விதைப்பும் அறுப்பும் குலைந்தன. 2025 தொடக்கத்தில் ராணுவம் அந்த மாநிலத்தையும், மார்ச் மாதத்தில் கார்த்தூமையும் மீட்டது. துரித ஆதரவுப் படையோ டார்ஃபரில் வேரூன்றி, பிறகு நியாலா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு போட்டி அரசையே அறிவித்துவிட்டது. கிழக்கு ஒருவருக்கு, மேற்கு மற்றவருக்கு என நாடு நடுவே பிளந்து நிற்கிறது. 2011-இல் தெற்கு பிரிந்தது. அது பொது வாக்கெடுப்பில் நடந்த பிரிவு. இப்போதைய பிளவைப் பற்றி யாரும் மக்களைக் கேட்கவில்லை.

யாருக்கு என்ன வேண்டும்?

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம் ஊரில் சொல்வார்கள். சூடானைச் சுற்றி நிற்கும் நாடுகளின் போக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முதலில் ஐக்கிய அரபு அமீரகம். செங்கடல் துறைமுகம், விளைநிலம், தங்கம் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். சாட் நாட்டின் அம்ஜராஸ் விமான நிலையம் வழியாகத் துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் போகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் கூறியது. அங்கே நாங்கள் மருத்துவமனை நடத்துகிறோம், ஆயுதம் தரவில்லை என்று அமீரகம் மறுத்துவருகிறது. ஆனால் அமீரகத்தில் தயாரான கவச வண்டிகளும், அவற்றில் பொருத்தப்பட்ட பிரெஞ்சுத் தற்காப்புக் கருவிகளும், சீனக் குண்டுகளும் டார்ஃபர் களத்தில் கிடைத்ததை ஆம்னஸ்டி அமைப்பு படங்களோடு வெளியிட்டிருக்கிறது.

இனப்படுகொலைக்கு உடந்தை என்று அமீரகத்தின் மீது சூடான் அரசு பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 மே 5 அன்று அது தள்ளுபடியானது. விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. இனப்படுகொலை உடன்படிக்கையில் சேரும்போதே அந்தப் பிரிவுக்கு மட்டும் கட்டுப்படமாட்டேன் என்று அமீரகம் எழுதிவைத்திருந்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

எகிப்துக்கு நைல் தண்ணீர் உயிர்ப்பிரச்சினை. எத்தியோப்பியா நீல நைலில் கட்டிய பேரணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டுவிட்ட நிலையில், கார்த்தூமில் தனக்கு இணக்கமான ராணுவ ஆட்சி இருக்க வேண்டும் என்று கெய்ரோ நினைக்கிறது. எனவே அதன் ஆதரவு புர்ஹானுக்கு. ஈரான் 2023 அக்டோபரில் சூடானோடு உறவைப் புதுப்பித்துக்கொண்டது. பிறகு அதன் ட்ரோன்கள் ராணுவத்தின் கைக்கு வந்தன. துருக்கி ட்ரோன்களும் வந்தன. கார்த்தூமை ராணுவம் மீட்டதில் அவற்றின் பங்கு பெரியது.

ரஷ்யாவின் ஆட்டம் தனி. முதலில் வாக்னர் கூலிப்படை ஹெமெட்டியோடு தங்கத் தொழிலில் கூட்டு. பிறகு செங்கடல் துறைமுகமான போர்ட் சூடானில் கடற்படைத் தளம் வேண்டும் என்பதால் மாஸ்கோ ராணுவத்தின் பக்கம் சாய்ந்தது. 2024 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் வந்தபோது 14 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா ஒன்றே தன் தடுப்பு வாக்கால் அதை வீழ்த்தியது. இந்த நாடுகள் போதாதென்று, வேலை தேடிய கொலம்பிய முன்னாள் சிப்பாய்கள்கூடத் துரித ஆதரவுப் படைக்காக டார்ஃபருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களை அனுப்பிய வலைப்பின்னல் மீது 2025 டிசம்பரில் அமெரிக்கா தடை விதித்தது.

சமரச மேசையில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்ப்போம். அமெரிக்கா, சவூதி, எகிப்து, அமீரகம் என நான்கு நாடுகள் 2025 செப்டம்பர் 12 அன்று கூட்டாக ஒரு திட்டத்தை அறிவித்தன. முதலில் மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம், பிறகு நிரந்தர அமைதி, ஒன்பது மாதத்தில் குடிமக்கள் ஆட்சிக்கு மாற்றம். திட்டத்தில் குறை இல்லை. ஆனால் நான்கு நடுவர்களில் இருவர் ஆளுக்கொரு பக்கம் விளையாடுகிறவர்கள். எல் ஃபஷேரைக் கைப்பற்றிய கையோடு துரித ஆதரவுப் படை போர்நிறுத்தத்துக்குச் சம்மதம் என்றது, தாக்குதலை நிறுத்தவில்லை. அமீரகம் உட்கார்ந்திருக்கும் மேசையை நம்பமாட்டேன் என்று ராணுவம் விலகி நின்றது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ராணுவம் நல்லது, எதிர்த்தரப்பு கெட்டது என்று தோன்றக்கூடும். அது சரியல்ல. டார்ஃபரில் மசாலித் இன மக்களைத் துரித ஆதரவுப் படை வேட்டையாடியது இனப்படுகொலை என்று அமெரிக்கா 2025 ஜனவரியில் அறிவித்தது உண்மை. எல் ஜெனீனா நகரில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு குறிப்பிட்டது. ஆனால் கூட்டம் நிறைந்த சந்தைகள் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டது ராணுவம். எதிரியின் பகுதிக்கு உணவு லாரிகள் போகாமல் தடுத்ததும் ராணுவம். ஹெமெட்டி மீது தடை விதித்த அடுத்த வாரமே புர்ஹான் மீதும் அமெரிக்கா தடை விதித்தது.

தங்கம் போகும் வழி

தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய் வளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதனோடு போய்விட்டது. அந்தப் பள்ளத்தைத் தங்கம் நிரப்பியது. வடக்கு டார்ஃபரின் ஜெபல் ஆமிர் மலையில் 2012-இல் தங்கம் கிடைத்தது. ஹெமெட்டி 2017-இல் அந்தச் சுரங்கத்தைப் பிடித்தார். அரசிடம் சம்பளம் கேட்க வேண்டிய அவசியம் அன்றோடு தீர்ந்தது. சொந்தச் சுரங்கமும் துபாயில் கடையும் உள்ள ஒரு படைத்தளபதியை எந்த அமைச்சரவை கட்டுப்படுத்தும்?

ராணுவத்தின் பிடியிலுள்ள பகுதிகளில் 2024-இல் சுமார் 64 டன் தங்கம் எடுக்கப்பட்டதாக அரசு நிறுவனமே சொன்னது. போருக்கு நடுவில் எடுத்த தங்கம் இது. எதிர்த்தரப்பின் கணக்கு யாருக்கும் தெரியாது. அது சாட், லிபியா, தெற்கு சூடான் எல்லைகள் வழியாகக் கைமாறிப் போகிறது.

இரண்டு தரப்புத் தங்கமும் கடைசியில் பெரும்பாலும் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்: துபாய். அமீரகம் எங்களை அழிக்கிறது என்று நீதிமன்றத்துக்குப் போன அரசு, தன் தங்கத்தை அங்கேயே விற்றது. 2025 மே மாதம் அமீரகத்தோடு தூதரக உறவை முறித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு அதன் அதிகாரபூர்வத் தங்க ஏற்றுமதியில் ஏறக்குறைய முழுவதையும் வாங்கியது அமீரகம்தான். எதிரிக்கு ஆயுதம் தருகிறவரிடமே தங்கத்தை விற்று, அந்தக் காசில் ட்ரோன் வாங்கிச் சண்டை போடுவதை வேறு எந்தப் போரிலும் எளிதில் பார்க்க முடியாது.

தங்கத்துக்கு ஊர்பேர் கிடையாது. ஒருமுறை உருக்கிவிட்டால் அது எல் ஜெனீனாவில் பிடுங்கியதா, முறையான சுரங்கத்தில் வெட்டியதா என்று எந்த ஆய்வகமும் எளிதில் சொல்லாது. துபாயிலிருந்து அது எங்கெங்கோ போகிறது. அமீரகத்திடமிருந்து தங்கம் வாங்கும் பெரிய நாடுகளில் ஒன்று இந்தியா.

கஞ்சித் தொட்டிக்கும் காசில்லை

அரசு மறைந்துபோன தெருக்களில் சூடான் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 2019-இல் போராட்டத்தை நடத்திய அதே தெருக் குழுக்கள், போர் வந்ததும் அவசர உதவி அறைகளாக மாறின. கைக்குக் கிடைத்த பருப்பையும் சோளத்தையும் பொங்கி ஊற்றும் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தன. பணம் வெளிநாட்டிலிருக்கும் சூடானியரிடமிருந்து செல்பேசி வழியாக வரும். சமைப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் பெண்களும். ஐ.நா. லாரி நுழைய முடியாத பகுதிகளில் லட்சக்கணக்கானோர் உயிரோடு இருப்பதற்கு இவர்களே காரணம். இரண்டு தரப்பும் இவர்களை உளவாளி என்று சொல்லிச் சிறையில் தள்ளியதும், சுட்டதும் உண்டு.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது இப்படிப்பட்ட 1,100-க்கும் மேற்பட்ட அடுக்களைகள் மூடப்பட்டன. பிறகு கொஞ்சம் பணம் வந்து சில திறந்தன. மற்ற பணக்கார நாடுகளும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. 2025 நவம்பரில் எல் ஃபஷேரிலும் தெற்கு கோர்டோஃபானின் கடுக்லியிலும் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர்கள் உறுதிசெய்தார்கள். நாடு முழுவதும் 2 கோடியே 10 லட்சம் பேர் கடும் பசியில் இருப்பதாகவும் சொன்னார்கள். மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல இது. வண்டியை மறித்து வரவழைத்த பஞ்சம்.

நமக்கு என்ன உறவு?

போர் வெடித்த சில நாட்களில் இந்தியா ஆபரேஷன் காவேரி என்ற பெயரில் மீட்புப் பணியைத் தொடங்கியது. கப்பலிலும் விமானத்திலுமாக 3,862 பேர் மீட்கப்பட்டார்கள். தமிழ்நாட்டினரும் அவர்களில் இருந்தார்கள். கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி பழங்குடியினர் மூலிகைத் தைலம் விற்கப் போன இடம் எங்கே என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவர்களில் சிலர் சிக்கிக்கொண்டது இதே எல் ஃபஷேர் நகரில்தான்.

உறவு அதற்கும் பழையது. 1953-இல் சூடானின் முதல் பொதுத் தேர்தலை நடத்தித் தந்தவர் நம் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். புனே அருகே தேசியப் பாதுகாப்பு அகாடமியின் முகப்பாக நிற்கும் கட்டடத்துக்குச் சூடான் பிளாக் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போராடிய இந்திய வீரர்களின் நினைவாக அந்த நாடு அளித்த நன்கொடை அதில் சேர்ந்திருக்கிறது. 2003-இல் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனம் 25 சதவீதப் பங்கு வாங்கிய எண்ணெய்த் திட்டத்தில் ஹெக்லிக் வயலும் ஒன்று. அந்த வயல் 2025 டிசம்பரில் துரித ஆதரவுப் படையின் கைக்குப் போனது.

பிசின் இன்னும் சுவையான கதை. நாம் பயன்படுத்தும் குளிர்பானம், மிட்டாய், மாத்திரை, அச்சு மை எல்லாவற்றிலும் கலக்கும் வேல மரப் பிசினில் பெரும்பகுதி சூடானிலிருந்தே உலகுக்குப் போகிறது. 1997-இல் அமெரிக்கா சூடான் மீது முழு வர்த்தகத் தடை விதித்தபோதும் பிசினை மட்டும் விட்டுவைத்தது. பிசின் இல்லாமல் சோடா கம்பெனிகள் ஓடாது. மற்ற வர்த்தகம் முடங்கிய நாட்டிலிருந்து பிசின் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

2025 டிசம்பரில் கடுக்லியிலுள்ள ஐ.நா. முகாம் மீது நடந்த ட்ரோன் தாக்குதலில் வங்கதேச அமைதிப்படையினர் 6 பேர் இறந்தார்கள். அமைதிப்படைக்குத் தொடர்ந்து ஆள் அனுப்பும் இந்தியாவுக்கு அது அயலார் வீட்டுத் துக்கம் அல்ல.

செய்யக்கூடியவை

முதல் வேலை ஆயுத வரத்தை அடைப்பது. ஐ.நா.வின் ஆயுதத் தடை 2004 முதல் இருக்கிறது. ஆனால் டார்ஃபருக்கு மட்டும். ட்ரோனை போர்ட் சூடானில் இறக்கினால் சட்டப்படி தவறில்லை. டார்ஃபரில் இறக்கினால் தவறு, ஆனாலும் கேட்பாரில்லை. இந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்ட வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமை அவையின் உண்மை கண்டறியும் குழு 2024-லேயே சொல்லிவிட்டது. சூடானியர் கையிலிருக்கும் துப்பாக்கியைப் பிடுங்குவது கடினம். சாட், லிபியா எல்லையில் இறங்கும் சரக்கு விமானங்களைக் கண்காணிப்பதும், தடையை மீறும் விமான நிறுவனங்களுக்குக் காப்பீடும் எரிபொருளும் கிடைக்காமல் செய்வதும் அவ்வளவு கடினம் அல்ல.

அடுத்தது தங்கம். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, அமீரகத்திலிருந்து வரும் தங்கத்துக்கு இந்தியா ஒரு சதவீதப் புள்ளி வரிச் சலுகை தருகிறது. படிப்படியாக ஆண்டுக்கு 200 டன் வரை. சலுகை தருகிறவர் நிபந்தனை விதிப்பதில் என்ன தயக்கம்? சலுகை வரியில் வரும் ஒவ்வொரு கட்டிக்கும் சுரங்கத்தின் இருப்பிடத்தையும், கைமாறிய வழியையும் காட்டும் சான்று வேண்டும் என்று கேட்கலாம். இங்கே நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கியதில் வெற்றி கண்டிருக்கிறோம். ஹால்மார்க் தூய்மையைச் சொல்கிறது. பிறந்த இடத்தைச் சொல்வதில்லை. அந்தக் குறையை இறக்குமதியின் வாசலிலேயே சரிசெய்ய முடியும். நகை வணிகர் சங்கங்களும் இதை எதிர்ப்பதைவிட முந்திக்கொண்டு கேட்பது அவர்களுக்கு நல்லது. நாளை ஐரோப்பாவும் அமெரிக்காவும் சான்று கேட்கும்போது ஏற்றுமதி நின்றுவிடக் கூடாது அல்லவா?

அமீரகத்தோடு இந்தியாவுக்கு இருப்பது மிக நெருக்கமான உறவு. 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே பிழைக்கிறார்கள். அதனால் வாய் திறக்கக் கூடாது என்று வெளியுறவு வட்டாரங்களில் வாதிடுவார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. கூட்டம் கூட்டிக் கண்டிக்கச் சொல்லவில்லை; மூடிய அறையில் நண்பன் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். 2025 நவம்பரில் சவூதி பட்டத்து இளவரசர் நேரில் கேட்டுக்கொண்ட பிறகே சூடானில் கவனம் செலுத்தத் தொடங்கியதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்னார். வேண்டியவர் கேட்டால் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

உதவிப் பணம் போகும் பாதையையும் மாற்ற வேண்டும். பெரிய அமைப்புகளின் அலுவலகம், வாகனம், காப்பீடு எல்லாம் போக மிஞ்சுவதே கஞ்சித் தொட்டிக்கு வருகிறது. அவசர உதவி அறைகளுக்கு நேரடியாகச் சிறு சிறு தொகையாக அனுப்பும் ஏற்பாட்டைச் சில நாடுகள் செய்கின்றன. அதைப் பெரிதாக்க வேண்டும். மலிவான மருந்தும் அரிசியும் நம்மிடம் உண்டு. எகிப்திலும் சாடிலும் படிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் சூடான் மாணவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறக்கலாம். போருக்கு முன்பு புனே, ஹைதராபாத் கல்லூரிகளுக்குச் சூடான் மாணவர்கள் வருவது வழக்கம்தான். விசாவையும் கட்டணத்தையும் தளர்த்தினால் போதும்.

பேச்சுவார்த்தை மேசையில் அந்தத் தெருக் குழுக்களுக்கு நாற்காலி இல்லாத எந்த ஒப்பந்தமும் நிலைக்காது. 2019-லும் 2022-லும் குடிமக்களைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத் தளபதிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு முறையும் அதே தளபதிகள் பிறகு அதைக் கிழித்துப்போட்டார்கள். டார்ஃபருக்கு மட்டும் அதிகாரம் பெற்றுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு நாடு முழுவதையும் விசாரிக்கும் அதிகாரத்தைப் பாதுகாப்பு அவை தர வேண்டும். கொன்றவர்களே மறுபடியும் அமைச்சர்களாக வந்து உட்கார்ந்த வரலாறு சூடானில் போதுமான அளவு இருக்கிறது.

டார்ஃபர் ஆயுதத் தடை 2026 செப்டம்பர் 12 அன்று காலாவதியாகிறது. அதை வழக்கம்போல் இன்னொரு ஆண்டு நீட்டிப்பதா, முழு சூடானுக்கும் விரிப்பதா என்பதை அதற்குள் பாதுகாப்பு அவை முடிவு செய்தாக வேண்டும். அவையில் இன்று நமக்கு இடமில்லை என்றாலும், இருப்பவர்களிடம் பேசும் செல்வாக்கு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் யாராவது எழுந்து, அமீரகத் தங்கத்தின் பிறப்பிடத்தைச் சரிபார்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று நிதியமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்டு இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.